ஐந்து கட்டையா, ஐந்தரைக் கட்டையா?

திருவரங்கத்தில், கீழச் சித்திரை வீதியில் இருந்த எங்கள் வீட்டுத் திண்ணையில் பல ஆண்டுகளாக ஒரு வழக்கு நடந்து வந்தது. வாதி என் தாத்தா. பிரதிவாதி எதிர்வீட்டுப் பெரியவர். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வழக்கின் பொருள் ஒரு பழைய நாடகப் பாட்டு இசைத்தட்டு. மேலே ஒட்டியிருந்த தாள் எப்போதோ உரிந்து போய்விட்டதால் பாடியவர் யார் என்பதுகூட உறுதியில்லை. ஆனால் அவர் எந்தச் சுருதியில் பாடினார் என்பதில் இருவருக்கும் துளியும் ஐயமில்லை. "ஐந்து கட்டை" என்பார் தாத்தா. "ஐந்தரை! உன் காதிலே கோளாறு ஓய்!" என்பார் எதிர்வீட்டுக்காரர்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இருவர் சொன்னதும் சரி. தாத்தாவின் கிராமபோனில் அந்தத் தட்டை வைத்துச் சுருதிப் பெட்டியோடு ஒத்துப் பார்த்தால் ஐந்து கட்டை. அதே தட்டைத் தெருவைக் கடந்து எடுத்துப்போய் எதிர்வீட்டுப் பெட்டியில் வைத்தால் ஐந்தரை. பள்ளியில் படித்த நாளில் எனக்கு இது ஒரு மாயமாகத் தோன்றியது. பின்னர் இயற்பியல் படித்த பிறகுதான் இந்தச் சிறு சண்டைக்குள் ஒலிப்பதிவின் வரலாறு முழுவதும் அடங்கியிருப்பது தெரிந்தது. அதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

முதலில் "கட்டை" என்ற சொல்லைப் பார்த்துவிடுவோம். நம் பாடகர்கள் நாள்தோறும் பயன்படுத்தும் இச்சொல் மேலைநாட்டு வாத்தியம் ஒன்றிலிருந்து வந்தது. ஹார்மோனியத்தில் விரல் வைத்து அழுத்தும் மரக்கட்டைகளே அவை. பியானோவில் உள்ள வரிசைதான் ஹார்மோனியத்திலும் இருக்கிறது. முதல் வெள்ளைக் கட்டையை ஆதார சட்ஜமாகக் கொண்டு பாடினால் ஒரு கட்டை. அடுத்துள்ள கறுப்புக் கட்டை ஒன்றரை. இப்படியே போய் ஐந்தாவது வெள்ளைக் கட்டை ஐந்து, அதை அடுத்த கறுப்பு ஐந்தரை. அடுத்தடுத்த இரு கட்டைகளின் அதிர்வெண்கள் 1-க்கு 1.0595 என்ற விகிதத்தில் இருக்கும். அதாவது ஏறத்தாழ 6 விழுக்காடு வேறுபாடு. இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுவதும் இது நம்மோடு வரும்.

அரக்கிலிருந்து பிறந்த பாட்டு

எடிசன் 1877-இல் ஒலியைப் பதிவு செய்து காட்டினார். அது உருளை வடிவம். எமில் பெர்லினர் 1887-இல் தட்டையான வட்டத் தட்டைக் கொண்டுவந்தார். ஒரு மூலத் தட்டிலிருந்து அச்செடுத்து ஆயிரக்கணக்கான படிகள் செய்யலாம் என்பதே தட்டின் பெரிய வசதி. அந்தத் தட்டுகள் எதனால் ஆனவை தெரியுமா? அரக்கால். நம் நாட்டுக் காடுகளில் புரசு, இலந்தை முதலிய மரங்களின் சிறு கிளைகளில் ஒரு வகைப் பூச்சி சுரக்கும் அதே அரக்குதான். அதோடு கற்பொடி, பஞ்சுத் தூசு, கரி ஆகியவற்றைக் கலந்து சூடாக்கி அழுத்தினால் இசைத்தட்டு. வியன்னாவிலும் நியூயார்க்கிலும் வாசித்த சங்கீதம் சோட்டா நாகபுரிக் காட்டுப் பூச்சியின் தயவில் உலகம் சுற்றியது என்று சொன்னால் மிகையாகாது.

1902-ஆம் ஆண்டு இறுதியில் பிரெட் கெய்ஸ்பர்க் என்ற இளைஞர் கிராமபோன் கம்பெனியின் சார்பில் கல்கத்தாவுக்கு வந்தார். அங்கே அவர் பதிவு செய்தவர்களில் முதன்மையானவர் கோஹர் ஜான். பாட்டு முடிந்ததும் "என் பெயர் கோஹர் ஜான்" என்று அவர் ஆங்கிலத்தில் அறிவிப்பது அந்தத் தட்டுகளில் கேட்கும். பெருமைக்காகச் சொன்னதல்ல அது. மெழுகுப் பதிவுகள் ஜெர்மனியிலுள்ள ஹனோவருக்குக் கப்பலில் போய் அங்கேதான் அச்சாகின. பாட்டு மொழி புரியாத அங்குள்ளவர்கள் யாருடைய பதிவு என்று அறிந்துகொள்ள அந்த அறிவிப்பு உதவியது. 1908-இல் கல்கத்தாவிலேயே தட்டு அச்சிடும் தொழிற்சாலை வந்துவிட்டது. நம் தென்னாட்டிலும் அந்த முதற் பத்தாண்டிலேயே சேலம் கோதாவரி போன்ற பாடகியர் கொம்புக்கு முன் நின்று பாடினார்கள். ஆண் வித்துவான்கள் பலர் "இயந்திரம் குரலை உறிஞ்சிவிடும்" என்று அஞ்சி ஒதுங்கியபோது துணிந்து முன்வந்தவர்கள் பெரும்பாலும் பெண்களே.

கொம்பு என்றேனே, அது உண்மையிலேயே கொம்புதான். 1925 வரை ஒலிப்பதிவில் மின்சாரம் கிடையாது. பாடுபவர் ஒரு பெரிய தகரக் குழலின் வாய்க்குள் உரக்கப் பாட வேண்டும். குழலின் மறுமுனையில் உள்ள மெல்லிய சவ்வு அதிரும். அதில் பொருத்திய ஊசி மெழுகில் கீறும். ஒலியின் ஆற்றல் மட்டுமே அத்தனை வேலையையும் செய்தாக வேண்டும். இந்த முறையில் ஏறத்தாழ 150 முதல் 2500 அதிர்வெண் வரையுள்ள ஒலிகளே ஓரளவு பதிவாயின. மனிதக் குரலுக்கு இது ஒருவாறு போதும். பியானோவுக்குப் போதாது.

திருவானைக்காவல் பிள்ளையும் பியானோச் சுத்தியலும்

பியானோவின் மிகத் தாழ்ந்த கம்பி நொடிக்கு 27.5 முறையும் மிக உயர்ந்த கம்பி 4186 முறையும் அதிர்கின்றன. ஆகவே கொம்புப் பதிவில் தாழ்ந்த கம்பிகளின் அடிப்படை அதிர்வே பதிவாவதில்லை. அப்படியிருந்தும் நமக்கு அந்தச் சுரம் கேட்பது போலிருக்கிறதே, எப்படி? மேலடுக்கு அதிர்வுகளைக் கேட்டதும் விடுபட்ட அடிப்படையை நம் காதும் மூளையும் சேர்ந்து தாமாகவே நிரப்பிக் கொள்கின்றன. இது இயற்கை செய்யும் உபகாரம். ஆனால் உயர்ந்த மேலடுக்குகள் போய்விட்டால் அவற்றை நிரப்பித்தர எந்த உபகாரியும் இல்லை.

இந்த இடத்தில் நம் ஊர்க்காரர் ஒருவர் கதைக்குள் வருகிறார். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, திருவரங்கத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7-ஆம் நாள் பிறந்த சர் சி. வி. இராமன். ஒளிச்சிதறலுக்காக நோபல் பரிசு பெற்றவர் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னர் அவர் பல ஆண்டுகள் ஒலியில் மூழ்கியிருந்தவர் என்பது அவ்வளவாகத் தெரியாது. வயலின் கம்பிகள், வீணை, தம்புரா, மிருதங்கம் எல்லாவற்றையும் அவர் ஆராய்ந்தார். பியானோவையும் விட்டுவைக்கவில்லை. 1920-இல் பாபநாத் பானர்ஜி என்பவரோடு சேர்ந்து, பியானோச் சுத்தியல் கம்பியில் மோதுவது பற்றி ஜெர்மானிய அறிஞர் காஃப்மான் வகுத்த கோட்பாட்டை ஆராய்ந்து இலண்டன் ராயல் சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்.

சுத்தியல் மோதுவதில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பியானோவில் விரல் கம்பியைத் தொடுவதே இல்லை. விரல் கட்டையை அழுத்த, கட்டை ஒரு நெம்புகோல் அமைப்பைத் தள்ள, கம்பளி உறை போட்ட சிறு சுத்தியல் பறந்துபோய்க் கம்பியை அடித்துவிட்டுத் திரும்புகிறது. அது கம்பியைத் தொட்டிருக்கும் நேரம், நொடியில் ஆயிரத்தில் சில பங்கு மட்டுமே. அந்த நேரம் எவ்வளவு என்பது சுத்தியலின் எடையையும், கம்பியின் எந்த இடத்தில் அடி விழுகிறது என்பதையும் பொறுத்தது. வாத்தியத்தின் குரலே இதில்தான் இருக்கிறது. மெல்ல அடித்தால் கம்பளி மெத்தென்று நெடுநேரம் ஒட்டியிருந்து உயர்ந்த மேலடுக்குகளை அமுக்கிவிடும். வேகமாக அடித்தால் கம்பளி இறுகிக் கெட்டிப்பட்டு, சட்டென விலகும். மேலடுக்குகள் பளீரென்று எழும். ஆகவே பலமான அடிக்கும் மெல்லிய அடிக்கும் ஓசையின் அளவில் மட்டுமல்ல, நிறத்திலும் வேறுபாடு உண்டு.

இப்போது கொம்புப் பதிவுக்குத் திரும்புங்கள். அந்த நிற வேறுபாட்டைத் தாங்கி நிற்கும் உயர் அதிர்வெண்கள் மெழுகை எட்டவே இல்லை. அப்படியானால் 1903-இல் நார்வே இசைமேதை கிரீக் பாரிசில் தம் இசையைத் தாமே வாசித்துப் பதிவு செய்த தட்டையும், அதே காலத்து இன்னொருவர் தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "இவர் தொடுகை மென்மை, அவர் தொடுகை கடுமை" என்று தீர்ப்புச் சொல்வது எவ்வளவு ஆபத்தானது! சாட்சியின் வாயைப் பொத்திவிட்டு வாக்குமூலம் வாங்குவது போன்றது. அந்தத் தட்டுகளில் தாளத்தை நம்பலாம், சுரங்களின் வரிசையை நம்பலாம். தொடுகையை நம்பக் கூடாது என்பது என் கருத்து.

1925-இல் மைக்ரோபோனும் மின்பெருக்கியும் ஒலிப்பதிவுக்கு வந்தன. பதிவாகும் எல்லை ஒரேயடியாக ஏறத்தாழ 5000 வரை விரிந்தது. மெல்லிய ஒலிகளுக்கு வாழ்வு வந்தது இதனால்தான். வீணை தனம்மாளின் வாசிப்பு, பக்கத்து அறையில் இருப்பவர்களுக்குக்கூடக் கேட்காத அளவுக்கு மென்மை என்பார்கள். அவருடைய பதிவுகள் 1932-இல் வெளிவந்தன. அப்போது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. கொம்புக் காலத்து இயந்திரம் அந்த வீணையை எந்த அளவுக்குப் பிடித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

முப்பத்திரண்டு சொனாட்டாக்கள்

அதே 1932-ஆம் ஆண்டு ஜனவரியில் இலண்டனில் வேறொரு பெரிய வேலை தொடங்கியது. ஆர்தர் ஷ்னாபெல் என்ற பியானோ மேதை பேத்தோவனுடைய 32 பியானோ சொனாட்டாக்களையும் பதிவு செய்ய உட்கார்ந்தார். சொனாட்டா என்பது பல பகுதிகள் கொண்ட நீண்ட இசைப்படைப்பு. நம் பல்லவியைப் போல மனோதர்மத்துக்கு இடம் தருவதன்று, ஒவ்வொரு சுரமும் எழுதி வைக்கப்பட்டது. ஷ்னாபெல் பல ஆண்டுகள் ஒலிப்பதிவையே வெறுத்து மறுத்து வந்தவர். ஒரு முறை வாசித்தது அந்த ஒரு முறைக்கே உரியது, அதை உறையவைத்துத் திரும்பத் திரும்பக் கேட்பது தவறு என்பது அவர் கட்சி. அவரை இணங்கவைக்கப் பாடுபட்டவர்களில் நம் பழைய கெய்ஸ்பர்க்கும் ஒருவர். கல்கத்தாவில் கோஹர் ஜானைக் கொம்பின் முன் நிறுத்திய அதே மனிதர்! தட்டுகளை விலைக்கு வாங்குவோர் முன்கூட்டியே சந்தா கட்டி ஒரு சங்கமாகச் சேர்ந்தார்கள். அந்தப் பணத்தில் பதிவு நடந்தது. 1935 வரை வேலை நீண்டது. பேத்தோவன் சொனாட்டாக்கள் முழுவதையும் தட்டில் ஏற்றிய முதல் மனிதர் ஷ்னாபெலே.

பன்னிரண்டு அங்குலத் தட்டின் ஒரு பக்கம் நாலரை நிமிடத்துக்கு மேல் ஓடாது. முக்கால் மணி ஓடும் சொனாட்டாவை நாலு நாலு நிமிடத் துண்டுகளாக நறுக்கித்தான் வாசிக்க வேண்டும். மெழுகில் வெட்டி ஒட்ட முடியாது. மூன்றாவது நிமிடத்தில் ஒரு சுரம் பிசகினால் அந்தப் பக்கம் முழுவதையும் மறுபடி வாசிக்க வேண்டும், அல்லது பிசகை அப்படியே விட்டுவிட வேண்டும். ஷ்னாபெல் பல இடங்களில் விட்டுவிட்டார். 1935-இல் அவர் பதிவு செய்த "ஹாமர்கிளாவியர்" சொனாட்டாவில் தவறிய சுரங்கள் கேட்கின்றன. (இந்த ஜெர்மன் பெயருக்குப் பொருள் "சுத்தியல் வாத்தியம்". இராமனுக்குப் பிடித்திருக்கும்.)

பிசகுக்குக் காரணம் அவர் எடுத்துக்கொண்ட வேகம். 1818-இல் முடித்த இந்தச் சொனாட்டாவின் முதற் பகுதிக்குப் பேத்தோவன் மெட்ரோனோம் எண் கொடுத்திருக்கிறார்: நிமிடத்துக்கு 138 பெரிய தட்டு. மெட்ரோனோம் என்பது தலைகீழாக நிறுத்திய ஊசல். மேல்ஜல் என்பவர் 1815-இல் உரிமை பெற்றது. இந்த 138 மனிதனால் ஆகாத வேகம், பேத்தோவனின் ஊசல் கெட்டுப் போயிருக்க வேண்டும் என்று வாதிட்டவர்கள் பலர். ஷ்னாபெல் அந்த எண்ணுக்கு மரியாதை கொடுத்துப் பாய்ந்தார். முதற் பகுதியை ஏறத்தாழ 9 நிமிடத்தில் முடித்துவிட்டார். ரஷ்ய மேதை எமில் கிலெல்ஸ் 1980-களின் தொடக்கத்தில் அதே பகுதிக்கு எடுத்துக்கொண்டது ஏறத்தாழ 12 நிமிடம்.

இங்கே ஒரு சந்தேகம் எழ வேண்டும். ஷ்னாபெலின் தட்டு வேகமாகச் சுழன்றிருக்கலாமே? திருவரங்கத்து எதிர்வீட்டுப் பெட்டியைப் போல?

இந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பது எளிது. தட்டு வேகமாகச் சுழன்றால் நேரம் குறையும். அதே விகிதத்தில் சுருதியும் ஏறும். 12 நிமிடம் 9 நிமிடமாகச் சுருங்க வேண்டுமானால் வேகம் மூன்றில் ஒரு பங்கு கூட வேண்டும். அப்போது சட்ஜமம் இருந்த இடத்தில் மத்திமம் கேட்கும்! சொனாட்டாவின் சுருதி எழுதி வைக்கப்பட்டது. பியானோவும் அதற்கேற்பக் கட்டப்பட்டது. அவ்வளவு பெரிய ஏற்றம் எந்தக் குழந்தைக்கும் தெரிந்துவிடும். ஆகவே அந்த மூன்று நிமிடமும் ஷ்னாபெலின் விரல்களைச் சேர்ந்ததே, இயந்திரத்தைச் சேர்ந்ததன்று. பியானோத் தட்டு ஒவ்வொன்றும் தன் சுருதிக்கட்டையைத் தன்னோடு சுமந்து வருகிறது என்று சொல்லலாம்.

இன்னொன்றும் உண்டு. பியானோவில் கமகம் கிடையாது. அடித்த சுரம் அசையாமல் நின்று தேயும். அதனால் தட்டின் சுழற்சியில் உள்ள குறையைக் காட்டிக்கொடுப்பதில் பியானோவுக்கு நிகர் வேறில்லை. தட்டின் நடுத்துளை ஒரு மில்லிமீட்டர் தள்ளி விழுந்துவிட்டால் போதும். மையத்திலிருந்து 60 மில்லிமீட்டர் தொலைவில் ஊசி செல்லும்போது வேகம் ஒவ்வொரு சுற்றிலும் 1.7 விழுக்காடு கூடிக் குறையும். அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையிலுள்ள தூரத்தில் இது கால் பங்குக்கு மேல். பியானோ கேட்கும்போது கடல் அலையில் படகு போல வயிற்றைப் புரட்டும். அதே தட்டில் தோடி ஆலாபனை இருந்தால் பலருக்குத் தெரியவே தெரியாது. பாடகரின் கமகத்தோடு கமகமாகக் கலந்துவிடும்.

நம் தட்டுகளின் சங்கடம்

நம் இசைத்தட்டுகளில் சங்கடம் தொடங்குவது இங்கேதான். கீர்த்தனையின் சுருதி எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. பாடகர் தம் குரலுக்கு ஏற்ற கட்டையைத் தாமே தேர்ந்தெடுக்கிறார். ஆகவே தட்டு ஐந்து கட்டையில் ஒலித்தால், அவர் ஐந்து கட்டையில் பாடினாரா, அல்லது நாலரையில் பாடித் தட்டு விரைந்து சுழல்கிறதா என்று அறியப் பாட்டிலிருந்தே சான்று கிடைப்பதில்லை.

"எழுபத்தெட்டுச் சுற்றுத் தட்டு என்று பெயரிலேயே வேகம் இருக்கிறதே" என்பீர்கள். அந்த எண் பிற்காலத்தில் நிலைபெற்றது. தொடக்க காலத்தில் கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் பதிவாளருக்குப் பதிவாளர், எழுபதுக்குச் சற்று மேலிருந்து எண்பதுக்கு மேல்வரை வேகம் மாறியது. பதிவு இயந்திரத்தை ஓட்டியது தொங்கும் எடை. கேட்கும் பெட்டியை ஓட்டியது சுருள்வில். வேகத்தை ஒரே நிலையில் நிறுத்துவது கவர்னர் என்ற சிறு அமைப்பு. மூன்று எடைக் குண்டுகள் சுழலும். வேகம் கூடினால் அவை விரிந்து ஒரு தகட்டை இழுத்துத் தோல் திண்டில் உராயவைக்கும். உராய்வு வேகத்தைத் தணிக்கும். அந்தத் திண்டு தேய்ந்தால் கதை முடிந்தது.

எதிர்வீட்டில் நடந்ததும் அதுவே. பணிமனைக்காரர் அல்லவா, பெட்டியைத் தாமே பிரித்து மாட்டியிருந்தார். 78-ஐ 1.0595-ஆல் பெருக்குங்கள்: 82.6. நிமிடத்துக்கு நாலரைச் சுற்று கூடினாலே ஐந்து கட்டை ஐந்தரை ஆகிவிடும். கண்ணால் பார்த்து எவராலும் கண்டுபிடிக்க முடியாத வேறுபாடு.

இது வெறும் திண்ணைச் சண்டை என்று தள்ளிவிட முடியாது. செங்கோட்டை கிட்டப்பா 1933-இல், முப்பது வயதுகூட நிரம்பாமல் மறைந்தார். அவருடைய உச்சஸ்தாயி சாரீரம் ஒரு தலைமுறையின் நினைவில் புராணமாக நிலைத்தது. நம் திருச்சி மாவட்டத்து முசிறி சுப்பிரமணிய ஐயரும் இளமையில் உயர்ந்த சுருதியில் பாடிப் புகழ்பெற்றவர். அவர்களைப் போலப் பாட வேண்டும் என்று தட்டைக் கேட்டுக் கேட்டு, குரலை மேலே மேலே இழுத்துத் தொண்டையைக் கெடுத்துக்கொண்ட இளைஞர் இருந்திருந்தால், அவர் போட்டியிட்டது பாடகரோடா, சுருள்வில்லோடா?

ஆனால் ஒன்றை மட்டும் எந்தச் சுருள்வில்லும் கெடுக்க முடியாது. வேகம் மாறினால் எல்லாச் சுரங்களும் ஒரே விகிதத்தில் ஏறும் அல்லது இறங்கும். சுரங்களுக்கு இடையிலுள்ள விகிதம் மாறவே மாறாது. தியாகராஜரின் "நகுமோமு" கீர்த்தனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆபேரி இராகத்தில் எந்தத் தைவதம் என்பது பழைய வழக்கு. 1904-இல் வந்த சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி சுத்த தைவதம் என்கிறது. இன்று பெரும்பாலும் பாடுவது சதுசுருதி தைவதம். இந்த வழக்கம் பரவியதற்கு முசிறியின் இசைத்தட்டும் ஒரு காரணம் என்று சொல்வதுண்டு. இந்த வழக்கில் இசைத்தட்டு நல்ல சாட்சி. எந்தப் பெட்டியில் எந்த வேகத்தில் ஓட்டினாலும் பாடியது எந்தத் தைவதம் என்பதை அது மாற்றிச் சொல்லாது. காலப்பிரமாணத்தைப் பற்றிக் கேட்டால்தான் தயங்க வேண்டும். பத்து அங்குலத் தட்டின் மூன்றே கால் நிமிடத்துக்குள் பல்லவி, அனுபல்லவி, சரணம் எல்லாவற்றையும் அடக்க வேண்டிய அவசரம் பாடகருக்கு இருந்தது. தட்டில் விரைந்து பாடியவர் கச்சேரியிலும் அப்படித்தான் பாடினார் என்று முடிவுகட்டுவது நியாயமாகாது.

1948-இல் நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால் சுற்றை ஒட்டிச் சுழலும் நெடுந்தட்டு அமெரிக்காவில் வந்தது. துல்லியமாகச் சொன்னால் முப்பத்து மூன்றும் மூன்றில் ஒன்றும். பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஓடியது. சொனாட்டாவை நறுக்கும் கொடுமை தீர்ந்தது. நம் நாட்டில் அரக்குத் தட்டு அதற்குப் பிறகும் நெடுநாள் வாழ்ந்தது. பீட்டில்ஸ் குழுவின் பாட்டுகள்கூட 1960-களில் இங்கே 78 சுற்றுத் தட்டுகளாக அச்சாகியிருக்கின்றன. இன்று சேகரிப்பவர்கள் அவற்றுக்காக ஆலாய்ப் பறக்கிறார்கள்.

சேகரிப்பவர் என்றதும் பழம்பொருள் பித்தர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே கீர்த்தனையின் இருபது தட்டுகளைத் தேடி அடுக்குபவரிடம்தான் ஒப்பிடுவதற்கான சரக்கு இருக்கிறது. சென்னையில் வி. ஏ. கே. ரங்கராவ் போன்றவர்கள் ஆயிரக்கணக்கில் திரட்டினார்கள். மும்பையில் 1990-இல் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கம் தோன்றியது. ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கின்னியர் நம் நாட்டுத் தட்டுகளின் எண்களைத் தொகுத்துப் பட்டியலிட்டார். தட்டின் நடுவே, பள்ளம் முடிந்த வழவழப்பான இடத்தில், ஓர் எண் பொறித்திருக்கும். மேலேயுள்ள தாள் கிழிந்தாலும் அது அழியாது. அது மூலப் பதிவின் வரிசை எண். அடுத்தடுத்த எண்கள் பெரும்பாலும் ஒரே பதிவுக் கூட்டத்தைச் சேர்ந்தவை. ஒரே இயந்திரம், ஒரே வேகம் என்று கொள்ள நல்ல இடமிருக்கிறது. ஆகவே ஒரு தட்டின் வேகம் தெரிந்தால் அதன் உடன்பிறப்புகளின் வேகமும் ஓரளவு தெரிந்துவிடும்.

நீங்களே அளக்கலாம்

வீட்டில் சுழல்தட்டு இருக்கும் மாணவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். கெட்டித் தாளில் வட்டம் வெட்டி, விளிம்பில் சம இடைவெளியில் 77 கறுப்புக் கோடுகள் போடுங்கள். நம் மின்சாரம் நொடிக்கு 50 அலை. நியான் விளக்கு ஒவ்வோர் அலைக்கும் இரு முறை மின்னுவதால் நிமிடத்துக்கு 6000 மின்னல். 6000-ஐ 77-ஆல் வகுத்தால் 77.92. தட்டு அந்த வேகத்தில் சுழன்றால், ஒவ்வொரு மின்னலுக்கும் ஒரு கோடு இருந்த இடத்துக்கு அடுத்த கோடு வந்து நிற்கும். கோடுகள் அசையாமல் நிற்பதாகத் தோன்றும். வேகம் கூடினால் முன்னோக்கி நகரும், குறைந்தால் பின்னோக்கி. இப்போதைய எல்.இ.டி. விளக்குகள் பல இப்படி மின்னுவதில்லை. அவற்றை நம்பி ஏமாறாதீர்கள். மின்பணியாளர் வைத்திருக்கும் டெஸ்டரில் உள்ள சின்னஞ்சிறு நியான் குமிழ், இருட்டறையில் போதும். ஆனால் மின்கம்பியில் கை வைக்கும் வேலையைப் பெரியவர் ஒருவரிடம் விட்டுவிடுங்கள்.

எம்.எஸ்ஸி. படிக்கும்போது இந்த வட்டத்தைச் செய்துகொண்டு விடுமுறையில் திருவரங்கம் போனேன். தாத்தாவின் பெட்டி 78-க்கு மயிரிழை குறைவு. எதிர்வீட்டுப் பெட்டியில் கோடுகள் ஓட்டமாக ஓடின. தாத்தாவுக்கு வெற்றிப் புன்னகை. நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

அந்த நாடகப் பாட்டில் பக்க வாத்தியமாக ஹார்மோனியம் ஒலிக்கிறது. ஹார்மோனியத்தின் நாக்குகள் தொழிற்சாலையில் சுருதி சேர்க்கப்பட்டவை. அவை பாடகரின் விருப்பத்துக்கு வளையா. நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய கருவியில் தட்டைச் சரியாக 78-இல் ஓட்டி, கணிப்பொறியில் அதிர்வெண்ணை அளந்தேன். தாத்தாவின் காது "ஐந்து" என்று சொன்ன ஒலி, உண்மையில் ஐந்துக்கும் ஐந்தரைக்கும் ஏறக்குறைய நடுவில் நின்றது. அப்படி ஒரு கட்டை எந்த ஹார்மோனியத்திலும் இல்லை! எனவே பதிவானபோது தட்டு 78-இல் சுழலவில்லை என்று முடிவு செய்தேன். 76-ஐ ஒட்டிச் சுழன்றிருந்தால் பாட்டு ஐந்து கட்டை. 80-ஐ ஒட்டி என்றால் ஐந்தரை. இரண்டு வேகமும் அக்காலத்தில் நடக்கக்கூடியவையே. வழக்கு தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றது.

அதுவும் போதாதென்று சில மாதம் கழித்து இன்னொன்று படித்தேன். மத்திய தைவதத்துக்கு 440 என்ற அளவு உலக நாடுகளிடையே ஒப்புக்கொள்ளப்பட்டது 1939-இல்தான். அதற்கு முன்னர் இங்கிலாந்தில் 452-ஐ ஒட்டிய "உயர் சுருதி" வழக்கிலிருந்தது. அப்படிச் சுருதி சேர்த்த வாத்தியங்கள் நம் நாட்டுக்கும் வந்தன. 452-க்கும் 440-க்கும் உள்ள வேறுபாடு, அடுத்தடுத்த இரு கட்டைகளின் நடுத்தூரத்துக்கு ஏறக்குறையச் சமம். அந்த நாடகக் கம்பெனியின் ஹார்மோனியம் பழைய உயர் சுருதிப் பெட்டியாக இருந்தால், தட்டு சரியாக 78-இல்தான் பதிவாகியிருக்கும். என் முடிவு தப்பு. தாத்தா சொன்ன ஐந்து கட்டையே சரி, ஆனால் அவர் சுருதிப் பெட்டியின் ஐந்து அல்ல.

இதைத் திண்ணையில் விளக்கி முடித்தபோது இருட்டிவிட்டது. இருவரும் பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு எதிர்வீட்டுப் பெரியவர் தட்டை எடுத்து, நடுவே பொறித்திருந்த எண்ணைக் கண்ணாடி போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். "தம்பி, இதற்கு முந்தின நம்பர், பிந்தின நம்பர் தட்டு எங்கேயாவது கிடைக்குமா என்று பாரேன்" என்றார். தாத்தா தம் பெட்டியைத் திறந்து பழைய தட்டுகளை ஒவ்வொன்றாக விளக்குக்கு நேராகப் பிடித்து எண்களைப் படிக்கத் தொடங்கினார்.